தேனிப் பக்கத்து மடிப்புத் தக்காளியைத் தேடிக் கண்டடைவது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1980-களின் தொடக்கத்தில், தேனிக்கும் பெரியகுளத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரில், முழுப்பரீட்சை விடுமுறைக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கிணற்றடியில் பறித்துத் தின்ற தக்காளியை நீங்கள் தேடுகிறீர்கள். தட்டையான பழம், மேலிருந்து கீழாக ஆழமான மடிப்புகள், காம்பைச் சுற்றி முழுவதும் சிவக்காத ஒரு வளையம், மெல்லிய தோல், ரசத்துக்குப் புளியே கரைக்க வேண்டாத அளவுக்குப் புளிப்பு. இவை உங்களுக்கு நினைவிருக்கும் அடையாளங்கள். 'பாரம்பரிய நாட்டுத் தக்காளி' என்று அச்சிட்ட விதைப் பொட்டலங்களை வாங்கி விதைத்தும், உருண்டையான பழமே காய்த்தது என்கிறீர்கள். அந்தத் தக்காளி இன்னும் எங்காவது இருக்குமா, இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்க வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டின் வேறு எந்தப் பகுதியைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க மாட்டேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற தக்காளி ரகத்தின் பிறப்பைப் பற்றிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் குறிப்பில், அது 'அன்னஞ்சி' என்ற உள்ளூர் வகையிலிருந்து தூண்டப்பட்ட திடீர்மாற்றத்தின் வழியே பெறப்பட்டது என்று எழுதப்பட்டிருக்கிறது. அன்னஞ்சி என்பது தேனியிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் உள்ள ஊர். அன்னஞ்சி விலக்கில் பேருந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதாவது, நீங்கள் சொல்லும் அதே வட்டாரத்தில் ஆராய்ச்சியாளர்களே எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்குத் தனித்தன்மை கொண்ட ஓர் உள்ளூர்த் தக்காளி இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. பெரும்பாலான ஊர்த் தக்காளிகளுக்கு இப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

தூண்டப்பட்ட திடீர்மாற்றம் என்றால், விதையைக் கதிர்வீச்சுக்கோ வேதிப்பொருளுக்கோ உட்படுத்தி, அதிலிருந்து முளைக்கும் செடிகளின் அடுத்தடுத்த தலைமுறைகளில் விரும்பிய மாறுதல் உள்ளவற்றைப் பொறுக்கி நிலைப்படுத்துவது. இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் ஒட்டைப் போல இதில் பாதிக்குப் பாதி வேறோர் இரத்தம் வந்து சேர்வதில்லை; சில பண்புகள் மாறுகின்றன, மற்றவை பெரும்பாலும் தாய் வகையினுடையவையாகவே நிற்கின்றன. பி.கே.எம். 1 செடி குட்டையாக நின்றுவிடும். பழம் தட்டை உருண்டை. காம்புப் பக்கம் பச்சைத் தோள் இருக்கும். ஏறத்தாழ 135 நாள் பயிர். எக்டேருக்கு 30 முதல் 35 டன் விளைச்சல் என்று குறிப்பிடுவார்கள். தொலைதூரச் சந்தைக்கு அனுப்பத் தாங்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட சிறப்புகளில் ஒன்று. உங்கள் நினைவிலுள்ள மெல்லிய தோலுக்கு இது நேர் எதிர். ஆகவே பி.கே.எம். 1 உங்கள் அம்மாச்சி வீட்டுத் தக்காளி அல்ல. ஆனால் அதன் மிக நெருங்கிய உறவாக இருக்கக்கூடியது, இன்றும் அரசு வழியில் விதை கிடைப்பது. தேடலின் முதல் வேலையாக அதைப் பெரியகுளத்திலிருந்து நேரடியாக வாங்கி உங்கள் வீட்டில் வளர்த்துவிடுங்கள். அந்தப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதைவிட மடிப்பு அதிகம்', 'இதைவிடப் புளிப்பு', 'தோள் இதே மாதிரிதான்' என்று சொல்லத் தொடங்கும்போதுதான் உங்கள் நினைவு பிறருக்குப் புரியும்படியான விவரமாக மாறும்.

இங்கே ஒரு மாற்று வாய்ப்பையும் நேர்மையாக வைக்க வேண்டும். நீங்கள் தின்றது உள்ளூர் வகையே அல்லாமல் 'பூசா ரூபி'யாக இருந்திருக்கலாம். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 'சூ' (Sioux) என்ற அமெரிக்க ரகத்தையும் 'மேம்படுத்தப்பட்ட மீரட்டி' என்ற வகையையும் கலந்து உருவாக்கிய ரகம் அது. விதை வீரிய ஒட்டு அல்ல; எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அதேபோல் வரும். பழம் தட்டை உருண்டை, லேசான வரிகள், நல்ல புளிப்பு. 1970-களிலும் 80-களிலும் நாடு முழுவதும் பரவலாகப் பயிரான ரகம் என்பதால், சில ஆண்டுகள் வீட்டில் விதை எடுத்துப் போட்ட பிறகு அதை 'எங்கள் ஊர்த் தக்காளி' என்றே ஊரார் சொல்லியிருப்பார்கள். அது பொய்யும் அல்ல. ஆனால் பூசா ரூபியின் வரிகள் ஆழமற்றவை. உங்கள் நினைவில் இருப்பது உண்மையிலேயே விரல் நுனி பதியும் ஆழமுள்ள மடிப்பு என்றால் வேறு வகையைத்தான் தேட வேண்டும்.

சந்தையில் 'நாட்டுத் தக்காளி' என்று எழுதி வைத்திருப்பதை நம்பித் தேடுவது பயன் தராது. கோயம்பேட்டு விலைப்பட்டியலில் 'நவீன்' ஒரு வரியாகவும் 'நாட்டு' இன்னொரு வரியாகவும் இருக்கும். முன்னது கெட்டித் தோல் வீரிய ஒட்டு, பின்னது அதைவிட மென்மையான, சாறுள்ள, புளிப்பான பழம் என்பதற்கு மேல் அந்தப் பிரிவினைக்கு ஆழமான பொருள் இல்லை. வியாபாரிக்கு அது தரத்தின் பெயர், வம்சத்தின் பெயர் அல்ல. விதைப் பொட்டலங்களிலும் அதே குழப்பம்தான். விதைத் திருவிழாக்களில் கருப்புத் தக்காளி, மஞ்சள் தக்காளி என்று விற்கப்படுபவற்றில் ஒரு பகுதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேணப்பட்ட பழைய ரகங்கள்; அருமையானவையாக இருக்கலாம், ஆனால் வைகைக் கரைக்கும் அவற்றுக்கும் தொடர்பு கிடையாது. ஆழமான மடிப்பு மட்டும் எதையும் நிரூபிக்காது என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு: இத்தாலியில் 'கோஸ்டோலுட்டோ' என்ற பெயரில் விளையும் வகைகள் முழுக்க மடிப்புத் தக்காளிகளே.

ஆகவே பெயரை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நினைவிலுள்ள ஒவ்வோர் அடையாளமும் செடியின் எந்தப் பண்பைக் காட்டுகிறது, எது வெறும் பருவநிலையின் விளைவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மடிப்பிலிருந்து தொடங்குவோம். தக்காளியைக் குறுக்கே அறுத்தால் விதை நிறைந்த அறைகள் தெரியும். குட்டித் தக்காளியிலும் நீள்வடிவத் தக்காளியிலும் இரண்டு அல்லது மூன்று அறைகள். சாதாரண உருண்டைப் பழத்தில் சற்றுக் கூடுதல். மடிப்புத் தக்காளியில் ஆறு, எட்டு, பத்து என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மரபணுக்கள் இரண்டு முக்கியமானவை. அவை சேரும்போது பழம் தட்டையாகி, அறைகளுக்கு இடைப்பட்ட சுவர்கள் வெளியே மடிப்பாகத் தெரிகின்றன. எனவே யாராவது ஒரு பழத்தைக் கொண்டுவந்து காட்டினால் மேலே தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் குறுக்கே அறுத்து எண்ணுங்கள். இன்னொரு எச்சரிக்கை: எந்தச் செடியிலும் முதல் பூங்கொத்தில் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிப் பிறந்து கோணலான, மடிப்பு விழுந்த காய் வருவதுண்டு, பூ உருவாகும் நாள்களில் குளிர் அதிகமாக இருந்தாலும் அறைகளின் எண்ணிக்கை கூடும். மூன்றாவது, நான்காவது கொத்துகளிலும் அதே மடிப்பு வந்தால் மட்டும் அதை ரகத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, காம்பைச் சுற்றிய வளையம். பச்சைக் காயிலேயே தோள் பகுதி மட்டும் கரும்பச்சையாக இருப்பது தக்காளியின் பழைய இயல்பு. காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்கும் பண்பு ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. பறிக்கும் பதத்தைக் கண்டறிய எளிது, கடையில் பார்க்க அழகு என்பதால் சென்ற நூற்றாண்டில் உலகெங்கும் ரகம் உருவாக்குவோர் அதையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாற்றம் காயில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகங்களைக் குறைத்து, அதனால் சர்க்கரையையும் குறைத்துவிடுகிறது என்பது 2012-ல்தான் ஆய்வில் தெளிவானது. ஆகவே பச்சைத் தோள் உள்ள தக்காளி பழைய சுவையோடு தொடர்புடையது என்பதில் ஓரளவு அறிவியல் இருக்கிறது.

ஆனால் நீங்கள் அந்தப் பழத்தைப் பார்த்தது சித்திரை, வைகாசி வெயிலில் என்பதை மறந்துவிடக் கூடாது. சிவப்பைத் தரும் லைகோபீன் ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமிகள் அந்த வெப்பத்திலும் உருவாகும். அதனால் நேர்வெயில் படும் தோள் பகுதி மஞ்சளாகவோ வெளிறிய பச்சையாகவோ நின்றுவிடும். கார்த்திகையில் அதே செடியில் அதே பழம் ஏறக்குறைய முழுவதும் சிவந்திருக்கக்கூடும். இதற்கு ஒரே வழி, பழத்தைப் பார்க்காமல் காயைப் பார்ப்பது: பழுக்காத காயில், இலை நிழலில் இருப்பதிலும் தோள் கரும்பச்சையாக இருந்தால் அது ரகத்தின் குணம்.

தோலை நீங்கள் மெல்லியது என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அதன் நிறத்தையும் நினைவுபடுத்திப் பாருங்கள். பழுத்த பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால், அது மஞ்சளாக இருக்கும் அல்லது நிறமே இல்லாமல் கண்ணாடித்தாள் போல இருக்கும். மஞ்சள் தோல் என்றால் பழம் செக்கச்சிவந்து தெரியும். நிறமற்ற தோல் என்றால் அதே சதை இளஞ்சிவப்பாக, சற்றே ஊதா கலந்தாற்போலத் தெரியும். உங்கள் தாயாரோ மாமாவோ 'அது ரோஸ் நிறமாகத்தான் இருக்கும்' என்று சொன்னால், பாதி வகைகளை உடனே ஒதுக்கிவிடலாம். இந்த ஒரு பண்பு தட்பவெப்பத்தால் அதிகம் மாறுவதில்லை என்பதால் நான் இதற்கு மிகுந்த மதிப்புத் தருவேன்.

செடி எப்படி வளர்ந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. குறிப்பிட்ட உயரத்தில் நின்று, ஒரே காலத்தில் காய்த்து ஓயும் குட்டைச் செடியின் பண்பு 1914-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றத்திலிருந்து உலகெங்கும் பரவியது. கிணற்றுச் சுவரில் சாய்ந்தும் வேலியில் ஏறியும் மாதக்கணக்கில் காய்த்த செடி என்றால் அது அந்த மாற்றம் நுழையாத வகை. குட்டையாக நின்றது என்றால் பி.கே.எம். 1 அல்லது அதன் வழிவந்தது வீட்டுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. ஆராய்ச்சி நிலையம் சில கிலோமீட்டரில்தானே இருக்கிறது.

புளிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் அடக்கியே வாசியுங்கள். தக்காளியின் புளிப்பு முக்கியமாகச் சிட்ரிக் அமிலத்தால் வருவது. அது சதைச் சுவரைவிட விதையைச் சுற்றிய கூழில் அதிகம். அறைகள் மிகுந்த பழத்தில் கூழும் மிகுதி என்பதால் மடிப்புத் தக்காளி புளிப்பதில் வியப்பில்லை. ஆனால் அதே விதையைக் குறைந்த நீரிலோ சற்றே உவரான கிணற்று நீரிலோ வளர்த்தால் சர்க்கரை, அமிலம் இரண்டுமே செறிவாகும். தாராளமாகத் தண்ணீர் விட்டு யூரியா போட்டால் இரண்டும் நீர்த்துப்போகும். செடியிலேயே பழுத்ததைப் பறித்த உடனே தின்பதற்கும், செங்காயாகப் பறித்துப் பெட்டியில் பழுக்கவைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததைத் தின்பதற்கும் உள்ள வேறுபாடு, சில நேரங்களில் இரண்டு ரகங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிது. ரகத்துக்கும் பங்கு உண்டு என்பது உண்மைதான். 2017-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி க்ளீயும் பிற நாட்டு ஆய்வாளர்களும் ஏறத்தாழ 400 வகைகளின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்து, மணத்துக்கும் சுவைக்கும் காரணமான பல சேர்மங்கள் நவீன வணிக ரகங்களில் குறைந்துவிட்டதைக் காட்டினார்கள். ஆனாலும் சுவையை வைத்து ரகத்தை அடையாளம் காண முனைந்தால் வழி தவறுவீர்கள். உருவம் பொருந்திய பிறகு கடைசியாகச் சுவையைப் பாருங்கள்.

இனி ஊருக்குள் தேடும் முறை. தக்காளி விதை, வீட்டில் சாதாரணமாக வைத்தால் நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான் நன்றாக முளைக்கும். அம்மாச்சி வீட்டுப் பரணில் பழைய டப்பாவில் விதை கிடைத்தாலும் நாற்பது ஆண்டுக்குப் பிறகு முளைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே நீங்கள் தேட வேண்டியது விதையை அல்ல, இடைவிடாமல் விதைத்துக்கொண்டே வந்த ஒரு குடும்பத்தை. யாராவது ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து விதைக்காமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் அந்த வம்சம் அறுந்தது என்றே கொள்ள வேண்டும். அம்மாச்சியிடம் நாற்று வாங்கிப் போனவர்கள் யார், அந்தத் தெருவில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் யார், தோட்ட வேலைக்கு வந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். காய்கறி விதை பெரும்பாலும் ஆண்கள் வழியாகப் போவதில்லை. மகள், மருமகள், நாத்தனார், பக்கத்து வீட்டு மதினி என்று சேலை முந்தானையில் முடிந்து போவது. நிலப்பத்திரத்தில் பெயர் உள்ளவரை விசாரிப்பதைவிட, அறுபது வயதைத் தாண்டிய பெண்களை விசாரிப்பது பலன் தரும்.

பெரிய தக்காளி விவசாயியிடம் இது இருக்காது. ஒட்டன்சத்திரத்துக்கோ உடுமலைக்கோ 14 கிலோ பெட்டியில் அனுப்புகிறவர், லாரியில் நசுங்கும் பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருட்டு நோய் வேறு கோடைப்பட்டத்துப் பயிரைச் சூறையாடுகிறது. அதைத் தாங்கும் வீரிய ஒட்டுகள் கிடைத்த பிறகு பழைய வகையை வயலில் வைத்திருக்க அவருக்குக் காரணமே இல்லை. அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பழைய தக்காளி பிழைத்திருந்தால் சாக்கடையோரம், மாட்டுக்கொட்டகைப் பின்புறம், குப்பைக்குழி விளிம்பு போன்ற இடங்களில் 'தானா முளைச்சது' என்று சொல்லப்படும் செடியாகத்தான் பிழைத்திருக்கும். வாரச் சந்தையிலும் பெட்டிக்காரர்களைக் கடந்து, தரையில் சாக்கை விரித்து, கத்தரிக்காய், கீரை, நாலு கூறு தக்காளி என்று வைத்து விற்கும் பாட்டிகளின் முன்னால் நில்லுங்கள். கூறு கட்டி விற்பவர் பெரும்பாலும் தன் வீட்டில் விளைந்ததையே விற்கிறார். வருசநாடு, கடமலைக்குண்டு பக்கத்து மானாவாரி ஊர்களிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களிலும் விசாரித்துப் பார்ப்பது நல்லது. சந்தைக்குத் தொலைவு கூடக் கூட வீட்டு விதை நிலைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

கேட்கும் விதத்தில் ஒரு கவனம் தேவை. படத்தைக் காட்டி 'இந்த மாதிரித் தக்காளி உங்கள் ஊரில் இருந்ததா' என்று கேட்டால், வந்தவரை ஏமாற்றக் கூடாதே என்ற நல்ல மனத்தோடு எல்லோரும் 'ஆமாம், இருந்துச்சு' என்பார்கள். 'முன்னாடி ரசத்துக்கு என்ன தக்காளி போட்டீங்க, அது எப்படி இருக்கும்' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மடிப்பு, வரி, சுருக்கம் என்று அவராகவே சொன்னால் அது சான்று. அதன் பிறகு படத்தைக் காட்டலாம்.

மரபணு வளங்களைச் சேமிக்கும் நிறுவனங்கள் அடுத்த வழி. 1976-ல் தொடங்கப்பட்ட தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தின் தலைமையிடம் டெல்லியில் இருக்கிறது. தென்னிந்தியாவுக்குத் திருச்சூரில் ஒரு மண்டல நிலையம் உண்டு. உள்நாட்டில் சேகரித்த ஒவ்வொரு விதை மாதிரிக்கும் 'ஐ.சி.' என்று தொடங்கும் எண்ணும், எந்த ஊரில் என்ன பெயரில் கிடைத்தது என்ற குறிப்பும் இருக்கும். அதில் தேடும்போது பலர் தவறவிடும் ஒரு விஷயம்: தேனி மாவட்டம் 1996-ல்தான் பிரிக்கப்பட்டது, திண்டுக்கல் 1985-ல். நீங்கள் சொல்லும் காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் மதுரை மாவட்டம். ஆகவே பழைய குறிப்புகளில் 'தேனி' என்று தேடினால் ஒன்றும் வராது; 'மதுரை' என்ற மாவட்டத்தின் கீழ், 'பெரியகுளம்', 'அன்னஞ்சி' என்ற ஊர்ப் பெயர்களை வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தைவானின் ஷான்ஹுவாவில் உள்ள உலகக் காய்கறி மையத்திலும் 8,000-க்கும் மேற்பட்ட தக்காளி மாதிரிகள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து போனவையும் அவற்றில் உண்டு.

கண்டுபிடித்தாலும் இந்த நிறுவனங்கள் தனியாளுக்கு எளிதில் விதை தருவதில்லை. ஆராய்ச்சிக்கென்று, ஒப்பந்தத்தின் பேரில், மிகச் சிறிய அளவில்தான் தருவார்கள். பெரியகுளம் கல்லூரியின் காய்கறித் துறையையோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, அவர்கள் வழியாகக் கேட்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. அப்படியே அன்னஞ்சி வகையின் விதை அவர்களிடம் இன்னும் பேணப்படுகிறதா என்றும் எழுத்தில் கேளுங்கள். வாய்வழிக் கேள்விக்கு 'இல்லை' என்பது எளிய பதில், கடிதத்துக்கு யாராவது குளிரறையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு விதைக்காரர்களிடம் படத்தைப் பார்த்து வரவழைக்க ஆசைப்பட வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை வரவழைக்க முடியாது. வந்தாலும் அது உங்கள் ஊர்த் தக்காளியாக இருக்காது. மாறாக, ஊரில் ஓர் உழவரிடமிருந்து விதை வாங்குவதற்குத் தயங்கவே தேவையில்லை. 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் வணிகப் பெயர் இடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது.

விதை கைக்கு வந்ததும் அதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிடைத்த ஒவ்வொரு மாதிரியிலும் ஆறு முதல் பத்துச் செடிகள், பக்கத்திலேயே பி.கே.எம். 1, பூசா ரூபி இரண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எல்லாம் ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் இருக்க வேண்டும். தைப்பட்டத்தில் நாற்று விட்டால் சித்திரையில் பழம் வரும். நீங்கள் முன்பு தின்ற அதே பருவம் என்பதால் ஒப்பிடுவதும் நியாயமாக இருக்கும். நாற்றங்காலுக்கு மெல்லிய வலை போட்டு வெள்ளை ஈயைத் தடுத்துவிடுங்கள். இலைச்சுருட்டுக்குப் பழைய வகைகள் எளிதில் பலியாகும், இளம்பருவத்தில் தாக்கினால் பழமே பார்க்க முடியாது. ஒரே மாதிரியிலிருந்து வந்த செடிகளில் ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று மடிப்பு என்று சிதறினால், அது யாரோ கடைப்பழத்து விதையைப் போட்டு வந்த வீரிய ஒட்டின் அடுத்த தலைமுறை என்று ஐயப்படலாம். அளவில் மட்டும் சிறிய வேறுபாடு இருந்து, தோல் நிறமும் காயின் தோளும் அறை அமைப்பும் ஒத்துப்போனால் அது உண்மையான உள்ளூர் வகைக்குரிய இயல்பு. வீட்டு விதை தொழிற்சாலை அச்சுப்போல ஒன்றாக இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

விதைக்காகப் பழம் விடும்போது பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நவீன ரகங்களில், மகரந்தத்தை ஏற்கும் முனையான சூல்முடி, மஞ்சள் கூம்பாக நிற்கும் மகரந்தப்பைகளுக்கு உள்ளேயே மறைந்திருக்கும். அதனால் பூ தன் மகரந்தத்தையே ஏற்று, கலப்பு அரிதாகவே நேரும். சில பழைய வகைகளிலும், ஒட்டிப் பிறந்த பெரிய பூக்களிலும் சூல்முடி கூம்புக்கு வெளியே குண்டூசித் தலைபோல நீட்டிக்கொண்டிருக்கும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு அதிர்ந்து மகரந்தத்தை உதிர்க்கும்போது, பக்கத்துச் செடியின் மகரந்தம் அங்கே ஒட்டிவிடும். சான்று விதைக்கு 25 மீட்டர் இடைவெளி விதிக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்தில் அது முடியாது. பூ விரியுமுன் கொத்தின் மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டி, தினமும் காலையில் காம்பைச் சுண்டிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். நன்றாகக் கனிந்த பழத்தின் கூழை இரண்டு மூன்று நாள் நொதிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் போதும். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் பொருந்தி வந்த எல்லாச் செடிகளிலிருந்தும் எடுத்து, ஒரு பங்கை வேறு ஊரில் உள்ள இரண்டு மூன்று வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள்; ஒரு வாடல் நோய், ஒரு பெருமழை போதும், ஒற்றைத் தோட்டத்தில் இருப்பது அழிந்துபோக.

புட்டியில் ஒட்டும் சீட்டில் 'அன்னஞ்சி' என்று எழுத ஆசை வரும். அன்னஞ்சி ஊரிலேயே, தொடர்ந்து விதைத்து வந்த வீட்டில் கிடைத்தாலொழிய அப்படி எழுத வேண்டாம். எந்த ஊர், கொடுத்தவருக்கு யாரிடமிருந்து வந்தது, அவர் அதை என்ன பெயரில் அழைத்தார், எந்த ஆண்டு, எந்தப் பட்டம் என்ற விவரங்களையே எழுதுங்கள். கூடவே, உரித்த தோலின் நிறம், நான்காம் கொத்துப் பழத்தில் எண்ணிய அறைகள், காயின் தோள், செடியின் உயரம் ஆகியவற்றையும் குறித்து, குறுக்கே அறுத்த பழத்தின் படத்தோடு ஒரு நகலைப் பெரியகுளத்துக்கு அனுப்பிவிட்டால், அன்னஞ்சியின் பழைய குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஏதுவாக இருக்கும்.